சும்மா இருந்த கூண்டுகள்

மறுபடியும் கை தட்டுகிறார்கள். எதற்கென்று யோசிப்பதற்குள் என் கைகளும் இரண்டு தரம் தட்டிவிட்டன. மேடையில் எங்கள் இயக்குநர் தயாபரன் பேச்சை நிறுத்தி, வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து அதை வாங்கிக்கொள்கிறார், மண்டப வாசலில் சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற பெண்ணின் தகப்பனைப் போல. அவருக்குப் பின்னால் திரையில் இரண்டு பட்டைகள் நிற்கின்றன. உயரமான சிவப்புப் பட்டை மருந்து கொடுக்காத எலிகளுடையது. அதில் பாதி உயரம்கூட இல்லாத பச்சைப் பட்டை மருந்து கொடுத்த எலிகளுடையது. மேலே கொட்டை எழுத்தில் ‘தழும்பு கரைகிறது’. கரைகிறதாம். கல்கண்டா கரைவதற்கு? யார் போட்ட தலைப்பு இது, விளம்பரக்காரர்களா, இவரேதானா? அந்த இரண்டு பட்டைகளும் என் கண்கள். மைக்ரோஸ்கோப்பில் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்து நான் போட்ட மதிப்பெண்களைக் கூட்டி வகுத்து அங்கே நிற்கவைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் எனக்குக் காட்டாததை இன்றைக்கு ஊரோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். இவ்வளவு பெரிய திரையாக இருப்பதால்தான் பட்டைகளின் காலடியில் இருக்கிற பொடி எழுத்தும் தெரிகிறது. சிவப்புக்குக் கீழே மூன்று வாரம். பச்சைக்குக் கீழே ஆறு வாரம். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்று. ஆறு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அதே மூன்று, அதே ஆறு. பயம் என்று நினைத்தேன். பயமாக இருந்தால் கை சில்லிட்டிருக்கும். எனக்குக் காது சுடுகிறது.

தயாபரன் அடுத்த படத்துக்குப் போகாமல் அந்தப் பட்டைகளின் முன்னாலேயே நின்று பேசுகிறார். அவருக்குப் பிடித்த படம் போலிருக்கிறது. எனக்கு இடது பக்கம் சீனிச்சாமி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், தோளில் பொன்னாடை, மூக்கில் குழாய், காலுக்கிடையில் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். நகர்ப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டர். விழா தொடங்கியதும் குத்துவிளக்கு ஏற்றினார்கள், பிறகு நுரையீரல் தழும்புக்கான இந்தப் புது மருந்தைத் தின்று பார்க்க முன்வந்த நோயாளிகள் பன்னிரண்டு பேரையும் வரிசையாக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடைக்கு நாலு படி. நாலாவது படியில் அண்ணன் நின்றுவிட்டார். அவர் ரசித்து நிற்பதாக நினைத்து அப்போதும் கை தட்டினார்கள். இறங்கி வந்து உட்கார்ந்து மூச்சு ஒரு நிலைக்கு வர வெகுநேரம் ஆனது. அப்புறம் என் பக்கம் சாய்ந்து, “டாக்டரம்மா, எனக்கு இது ரெண்டாவது பொன்னாட. மொதத் தடவ ரிட்டயர்மென்டுக்குப் போத்துனாங்க. மூணாவது தடவ போத்தும்போது எனக்குத் தெரியாது” என்றார். அந்தப் பக்கம் இருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா அவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். “வாயில வேற வார்த்தையே வராதா இந்த மனுசனுக்கு?” அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அக்கா முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “இன்னியோட அந்தப் பாழாப்போன மாத்திரைக்கு ஒரு முழுக்கு, தாயி. அதத் தின்னதுலேருந்து மனுசன் கக்கூஸுல குடித்தனம் நடத்துறாரு. ஒரு வா கறி திங்க முடியல. எடை கொறஞ்சு இப்பப் பாருங்க, அவரு சட்ட அவருக்கே பெரிசாக் கெடக்கு” என்றார். அந்தப் பாழாய்ப்போன மாத்திரைதான் இந்த நோய்க்கு இருக்கிற ஒன்றிரண்டில் ஒன்று. தழும்பை அது குறைக்காது. ஏறுகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவில்தான் அண்ணன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் வம்பளக்கிறார். புது மருந்தின் பலனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதால் பழையதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வெளியே மேசையில் மிச்ச மாத்திரைகளை ஒப்படைத்துவிட்டுப் புது டப்பாவை வாங்கிக்கொள்ள வேண்டும். அக்காவின் மடியில் துணிப்பை. பையின் வாயில் மாத்திரை அட்டையின் வெள்ளி ஓரம் தெரிகிறது. அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எனக்குக் காது சுடுவது கூடுகிறது.

இருபத்திரண்டு வருஷமாக நான் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறது, இப்போது கட்டைவிரலால் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கூட்டங்களில் இந்தப் பழக்கம் எனக்கு உண்டு. தோல் சுட்டது, ஆறியது, ஆறியதும் நிறுத்திக்கொண்டது. நுரையீரலில் சிலருக்கு அது நிற்பதில்லை. எங்கோ ஒரு சின்னப் புண், அதை மூட உடம்பு நார் நாராகப் பின்னுகிறது, புண் மூடிய பிறகும் பின்னிக்கொண்டே போகிறது, காற்றுக்கு இருந்த இடமெல்லாம் நார். அந்த நார் எங்கள் சாயத்தில் நீலமாகத் தெரியும். நல்ல நுரையீரல் சல்லடைத் துணி மாதிரி, சிவந்த மெல்லிய சரிகைக்கு நடுவே வெறும் வெளிச்சம். கெட்டது கருநீலப் போர்வை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எவ்வளவு நீலம் என்று பூஜ்யத்திலிருந்து எட்டு வரை மதிப்பெண் போடுவது என் வேலை. அதை மறைத்துப் பார்ப்போம். எந்த ஸ்லைடு எந்த எலியுடையது, மருந்து தின்றதா தின்னாததா, எனக்குத் தெரியக் கூடாது. ஸ்லைடின் ஓரத்தில் எழுதியிருப்பதன் மேல் வெள்ளை டேப் ஒட்டித்தான் என் அறைக்கு அனுப்புவார்கள். ஆசை கண்ணை ஏமாற்றும் என்பதற்காக வைத்த வழக்கம். நல்ல வழக்கம். அந்த டேப்பை ஒரு நாளும் நான் நகத்தால் நெம்பிப் பார்த்ததில்லை. மதிப்பெண்ணை அனுப்பிய பிறகு எந்தக் கூண்டு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, கணக்குப் பார்க்கிறார்கள் மேடம், முடியட்டும் மேடம், கட்டுரை எழுதும்போது எல்லாம் வரும் மேடம். கட்டுரை வரவில்லை. பொன்னாடை வந்துவிட்டது. அந்த வெளிச்சமான ஸ்லைடுகளைப் பார்த்த நாளில் நான் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் நீலம் விலகிப் பார்த்ததில்லை. வாகன நிறுத்தத்தில் ஒருவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார், கிளம்பவே இல்லை, அவர் மேல்கூட எனக்குப் பிரியமாக இருந்தது.

இவர்கள் இதைச் செய்திருக்கவே முடியாது. எதையோ நான் தவறாகப் பார்க்கிறேன். வலது பக்கம் காஜா மைதீன் இருக்கிறார், எலிக்கூடத்துக்குப் பொறுப்பான கால்நடை மருத்துவர், நல்ல மனிதர், செல்போனில் மகளின் மதிப்பெண் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். முழங்கையால் இடித்தேன். “காஜா, மருந்து குடுக்காத எலிகள ஆறு வாரம் வரைக்கும் வெச்சிருந்தீங்கல்ல?” திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எங்க மேடம் வெச்சிருக்க? அப்பத்தான் சர்க்கரை நோய் டீம் எடம் கேட்டுத் தலைல ஒக்காந்தாங்க. பாதிக் கூண்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு சாரு.” “எந்தப் பாதிய?” “மருந்து குடுக்காததத்தான். மூணு வாரத்துல எடுத்துட்டோம். மருந்து திங்கிறதக் கலைக்க முடியுமா? அதுக சும்மாதான மேடம் இருந்துச்சு.” சொல்லிவிட்டு மறுபடி மகளின் மதிப்பெண்ணுக்குப் போய்விட்டார்.

சும்மா இருந்ததாம். சும்மா. காஜா சொன்ன விதத்தில் குற்ற உணர்ச்சியோ மறைப்போ இல்லை, தண்ணீர் லாரி இன்றைக்கு வரவில்லை என்பது மாதிரி சொன்னார். எலிக்கூடத்தில் அப்படித்தான் பேசுவார்கள், மருந்து கூண்டு, சும்மா கூண்டு. சும்மா கூண்டுக்குத் தண்ணி மாத்திட்டியா, சும்மா கூண்டுல ஒண்ணு செத்துப்போச்சு. நானும் கேட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன். சும்மா இருப்பதுதானே ஐயா அதன் வேலை. அது சும்மா இருந்து காட்டினால்தானே மற்றது என்ன செய்தது என்று தெரியும். இந்தத் துறையில் சேர்ந்து ஒரு மாதம் ஆன மாணவருக்கும் தெரிந்த விஷயம், எலியின் மூச்சுக்குழாயில் ஒரு சொட்டு நஞ்சு விட்டு நாம் உண்டாக்குகிற தழும்பு மூன்று வாரத்தில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இளம் எலியாக இருந்தால் தானாகவே இறங்க ஆரம்பிக்கும். யாரும் எதுவும் தர வேண்டாம். தீனியும் தண்ணீரும் போதும். எங்கள் எலிகள் அத்தனையும் இளசு, மனிதக் கணக்கில் கல்லூரி வாசலில் நிற்கிற வயசு. அப்படியானால் அந்தச் சிவப்புப் பட்டை உச்சத்தில் பிடித்த எலி. பச்சைப் பட்டை இன்னும் மூன்று வாரம் விட்டுப் பிடித்த எலி. மருந்து வேலை செய்திருக்கலாம். செய்யாமலும் இருக்கலாம். பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் இதே பச்சைப் பட்டை வந்திருக்கலாம். தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியைக் கூண்டு போதவில்லை என்று கொன்று குப்பையில் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஜன்னலில் நின்று நான் பூரித்தது எதைப் பார்த்து? தானாக ஆறிய எலிகளையா? அந்த மனிதர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார், நான் மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சீனிச்சாமி அண்ணனுக்கு அறுபத்தாறு. அவர் நுரையீரல் எலியுடையது இல்லை. தானாக ஆறாது. ஆறவே ஆறாது. ஒருவருக்கும் ஆறி நான் பார்த்ததில்லை.

தயாபரன் தண்ணீர் குடிக்கிறார். கண்ணாடித் தம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்கிறது. இந்த மனிதரைத் திருடன் என்று திட்டிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். திட்ட முடியவில்லை, அதிலும் ஆத்திரம் வருகிறது. போன மழைக்காலத்தில் ஒரு நோயாளி வீட்டில் மின்சாரம் போய் ஆக்சிஜன் இயந்திரம் நின்றபோது தன் காரில் சிலிண்டரை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனவர் இவர்தான். அந்த ஆள் பிழைக்கவில்லை. மறுநாள் இவர் அறைக்குள் போனபோது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்தான் கூண்டைக் காலி செய்யச் சொன்னார். ஒருவேளை காலி செய்யச் சொன்னதை மறந்தே போயிருப்பார். இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருக்குள் எதுவும் இடிக்கவில்லையா? இடித்திருக்கும். காலடியில் பொடி எழுத்தில் போடச் சொன்னது யார் பின்னே? பெரிய எழுத்தில் போடத் தயக்கம், போடாமல் விடவும் தயக்கம், அந்த இரண்டு தயக்கத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் எழுத்து. புது மருந்து என்று பெயரே தவிர, வேறு நோய்க்கு ஏற்கெனவே கடையில் விற்கிறதுதான், ஆபத்தில்லாதது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அனுமதிக் குழுவும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறது. அந்தக் குழுவில் ஒரு வக்கீல், ஒரு பேராசிரியை, ஒரு பாதிரியார், இரண்டு டாக்டர்கள். ஒருவருக்குமா கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை? ஆபத்தில்லாத மருந்துதான். ஆபத்து அக்கா மடியில் இருக்கிற பையை அந்த மேசையில் கொடுப்பதில் இருக்கிறது.

பேச்சு முடியப்போகிறது. முடிவுக்கு வரும்போது அவர் குரல் தாழும், எனக்குத் தெரியும். கேள்வி நேரத்தில் நான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? சார், அருமையான உரை, ஒரு சின்னச் சந்தேகம். சின்னச் சந்தேகம் என்று ஏன் சொல்ல வேண்டும், பெரிய சந்தேகம். சந்தேகமே இல்லை. சார், தவறாக நினைக்க வேண்டாம். தவறாக நினைக்கட்டும். சார், என் புரிதலில் குறை இருக்கலாம். இல்லை, என் புரிதலில் ஒரு குறையும் இல்லை, எதற்கு இந்தப் பசப்பு, எனக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது? எழுந்து நிற்கிற பெண் முதலில் தன் தலையில் தானே குட்டிக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று எந்தப் பாடத்தில் படித்தேன். கோபமாக இருக்கும்போது பேசாதே, ஆறப்போட்டுப் பேசு என்பார் வீட்டுக்காரர். வீட்டில் எல்லாவற்றையும் ஆறப்போட்டிருக்கிறேன், ஆறியதும் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்குத்தான் சொல்கிறார் போலிருக்கிறது. என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிக்கிற கை அதோ அந்த மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அரங்கில் ஒருத்தர் கணக்குப் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கட்டடப் பராமரிப்புக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அவர் இப்போது மொட்டை மாடியில் நீர்க்கசிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்த்தால் நன்றாகவே பேசுவார். எனக்கு ஐம்பத்தோரு வயது. நீலமும் சிவப்பும் தவிர வேறு ஒன்றும் பார்க்கத் தெரியாது. காஜாவிடம் மெதுவாக, “நான் இத இப்பக் கேக்கப் போறேன்” என்றேன். அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். இப்போதுதான் அவருக்கும் மூன்றும் ஆறும் சேர்ந்து உறைத்திருக்க வேண்டும், நெற்றி சுருங்கியது. “ஐயோ மேடம், இங்கயா? டீ டைம்ல ரூமுக்குப் போய்க் கேளுங்களேன். நானும் வர்றேன்.” டீ நேரத்தில் மாத்திரை மேசைக்குப் போய்விடும் காஜா. “நாளைக்குத் திருப்பிக் குடுத்துக்கலாமே மேடம்.” நாளைக்கு. யார் திருப்பிக் கொடுப்பது, யாருக்கு, பன்னிரண்டு வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டி, என்ன சொல்லி?

ஒரு தரம் அண்ணன் ரத்தம் கொடுக்க வந்தபோது, “எலி நெஞ்சையே பாக்குறீங்களே, என் நெஞ்ச ஒரு வாட்டி கேளுங்க” என்றார். நான் அந்த டாக்டர் இல்லை அண்ணே, ஆராய்ச்சி டாக்டர் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு டாக்டரம்மாதான். பக்கத்து அறையில் ஸ்டெதாஸ்கோப் வாங்கி முதுகின் அடிப்பகுதியில் வைத்து, இழுத்து விடுங்க என்றேன். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையிலிருந்து பிய்க்கும்போது ஒரு சத்தம் வருமே, அது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது. புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த சத்தத்தை அன்றுதான் ஒரு மனிதருக்குள் கேட்டேன். இருபது வருஷம் நீலமாகப் பார்த்தது அங்கே கிழிந்துகொண்டிருந்தது. “என்ன, வண்டி கண்டிஷனா இருக்கா?” என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டார். “ஓடும்ணே” என்றேன். “ஓடுனாச் சரி. டெப்போவுல விட்டுறாதீக.” அந்தச் சத்தத்தின் மேல்தான் இந்தப் பொன்னாடையைப் போர்த்தியிருக்கிறார்கள். ஜிகினா ஓரம் கழுத்தில் உறுத்துகிறது போல, விரலை விட்டுத் தளர்த்திக்கொள்கிறார். விரல் நுனிகள் உருண்டு, நகம் கிளிமூக்கு மாதிரி வளைந்து, முழுக்க இந்த நோயின் விரல்கள். நல்லவேளை, கோபம் அழுகைக்கு இடம் விடாமல் உட்கார்ந்திருக்கிறது.

விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. நீளமான கைதட்டல், இந்த முறை என் கைகள் மடியிலேயே இருந்தன. தொகுப்பாளினி கேள்விகள் வரவேற்கப்படுகின்றன என்றாள். கேள்வி என்ற பெயரில் முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற டீன், தயாபரன் தன் மாணவர் என்பதில் தனக்குள்ள பெருமையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டாமவர் மருந்துக் கம்பெனிக்காரர், மாத்திரையாகத் தருவீர்களா கேப்சூலாகத் தருவீர்களா என்றார். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை என்னுடையது மாதிரியே இல்லை, யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தூக்கியது போல நேராக நின்றது. மைக் வந்தது. தொகுப்பாளினி என் பெயரைச் சொன்னாள், “நம் நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி குமுதவல்லி மேடம்.” தயாபரன் முகம் மலர்ந்தது. பாராட்டப்போகிறேன் என்று நினைத்தார், பாவம். “சார், மருந்து குடுக்காத எலிகள மூணாவது வாரத்துல பாத்திருக்கோம். மருந்து குடுத்ததுகள ஆறாவது வாரத்துல பாத்திருக்கோம். மருந்து குடுக்காததுகளயும் ஆறு வாரம் வெச்சிருந்தா, தானாவே கொறஞ்சிருக்கும்ல?” அருமையான உரை என்று சொல்லவில்லை. சந்தேகம் என்று சொல்லவில்லை. என் குரல் எனக்கே ஸ்பீக்கரில் வேறு யாரோ போலக் கேட்டது. அரங்கில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். தயாபரன் திரும்பித் திரையைப் பார்த்தார். அங்கே இப்போது நன்றி என்ற படம் இருந்தது. திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார். “மேடம் நம்ம வீட்டுப் புள்ள. வீட்டுக் கேள்விய வீட்டுலயே வெச்சுப் பேசிக்குவோம். என்ன மேடம்?” சிரித்தார்கள். நல்ல மனம் உள்ள சிரிப்பு, குடும்பத்தில் சின்னச் சண்டை என்றால் சிரிப்பார்களே, அது. மைக் என் கையிலிருந்து மெல்ல உருவப்பட்டது, உருவிய பெண் “தேங்க்யூ மேடம்” என்றாள்.

வீடாம். வீட்டில்தான் எல்லாவற்றையும் ஆறப்போடுவார்கள். நான் இடது பக்கம் திரும்பினேன். மைக் இல்லாமல் பேச எனக்குத் தெரியும், முன்னூறு பேர் வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். “அண்ணே, அந்தப் பழைய மாத்திரைய நிறுத்தாதீங்க. வெளிய மேசைல குடுக்காதீங்க.” அண்ணன் காதைச் சாய்த்தார். கேட்டுவிட்டது, கேட்டதை வாங்கத்தான் நேரமானது. “என்ன டாக்டரம்மா சொல்றீக?” “புது மருந்தாலதான் எலிகளுக்கு நல்லாச்சுன்னு சொல்ல முடியாதுண்ணே. மருந்தில்லாமயே நல்லாயிருக்கலாம். அத யாரும் பாக்கல. பாக்க வேண்டியதக் கொன்னுட்டாங்க.” முன்வரிசையில் ஓய்வுபெற்ற டீன் திரும்பிப் பார்த்தார். காஜா என் முழங்கையைத் தொட்டார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். பேச்சியம்மாள் அக்கா பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்ப புது மருந்து கேக்காதா?” “தெரியாதுக்கா.” “ஒங்களுக்குமா தெரியாது?” “யாருக்கும் தெரியாது. சாருக்கும் தெரியாது.”

அண்ணன் பொன்னாடையைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நன்றி இல்லை. நான் அவர் கையிலிருந்து எதையோ பிடுங்கியிருக்கிறேன், அவருக்கு அது தெரிகிறது. “நாலு மாசமா இதத்தானே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்” என்றார். வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு இடத்தில் மூச்சுக்கு நிறுத்தினார். “இப்ப வந்து சொல்றீகளே.” “இப்பத்தாண்ணே தெரிஞ்சுச்சு.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மேல் கோபம். இருக்கட்டும், கோபத்துக்கு இங்கே நிறைய இடம் இருக்கிறது. ஆனால் அக்கா பின்வரிசைப் பக்கம் திரும்பி, அங்கே பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “இந்தா, மாத்திரயக் குடுக்க வேணாங்கறாங்க” என்றார். “யாரு?” “இந்தம்மாதான். நம்ம எலியப் பாக்குறவுக.” அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்தாள். அவர் தன் மகனிடம் என்னவோ கேட்டார், மகன் எழுந்து நின்று மேடையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என்ன, என்ன சொன்னாங்க, நிறுத்தக் கூடாதாமா, யாரு சொன்னது, வரிசை முழுக்க அது போய்க்கொண்டிருந்தது. சிலிண்டர்கள் தரையில் இடிபடுகிற சத்தம். தொகுப்பாளினி இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

“மேடம், உக்காருங்க ப்ளீஸ்” என்றார் தயாபரன், சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி இருந்தது. “அடுத்த கேள்வி.”

யாரும் கை தூக்கவில்லை. நான் உட்காரவில்லை.